ற ஏன் வல்லினம்?

ஆர்ச்வே, வடக்கு லண்டன்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. பேச்சை ஆராய்கிறவர்கள் அப்படி என்னதான் ஆராய்கிறார்கள் என்பது ஒன்று. புதுக்கோட்டையில் பி.ஏ. தமிழ் படிக்கிற ஒரு பெண் அந்தத் துறைக்குள் போக முடியுமா என்பது இன்னொன்று. இதே கேள்விகளை வேறு சிலரும் கேட்டிருப்பதால் பத்திரிகை வழியாகவே பதில் எழுதுகிறேன். நான் பேராசிரியை அல்ல. ஆர்ச்வேயில் குடியிருக்கிறேன். வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒலியியல் நூல்களைத் தேடித் தேடிப் படிக்கிற ஆர்வம் பல வருடங்களாக உண்டு. அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்கலாம். அதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது.

ஆர்ச்வேயிலிருந்து 134ஆம் எண் பேருந்தில் ஏறினால் கென்டிஷ் டவுன், கேம்டன் வழியாக வாரன் ஸ்ட்ரீட் போய்ச் சேரலாம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கோர்டன் சதுக்கம். யுனிவர்சிட்டி காலேஜின் ஒலியியல் துறை இந்த வட்டாரத்தில்தான் வளர்ந்தது. அதை வளர்த்த டேனியல் ஜோன்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தது கணிதம். பிறகு சட்டம் படித்தார். இடையில் பாரிசில் பால் பாஸியிடம் ஒலியியல் கற்றார், 1907இல் இங்கே கற்பிக்க வந்துவிட்டார். அதே காலேஜில் பின்னால் பணியாற்றிய ஜே. ஆர். ஃபர்த் படித்தது வரலாறு. லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு 1928இல் லண்டன் வந்தார். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934ஆம் வருடப் பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒரு சுருக்கமான பின்னிணைப்பு எழுதியவர் அவர்தான். பொது மொழியியலுக்காக பிரிட்டனில் முதன்முதலாக ஏற்பட்ட பேராசிரியர் பதவி, 1944இல், சோவாஸ் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் பேச்சாய்வின் போக்கையே மாற்றிய வில்லியம் லபோவ், அந்தப் படிப்புக்கு வருவதற்கு முன்னால் தொழிற்சாலை வேதியியலாளர். இன்று கலிபோர்னியாவில், பேசும்போது நாக்கு அசைவதை எம்.ஆர்.ஐ. கருவியால் படம் பிடித்து ஆராயும் ஸ்ரீகாந்த் நாராயணன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

ரொனால்ட் ஆஷர் என்ற இன்னொருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். அவர் முனைவர் பட்டத்துக்குப் படித்தது பிரெஞ்சு. மறுமலர்ச்சிக்கால பிரான்சில் தங்கள் இனத்தின் தோற்றத்தைப் பற்றி உலவிய கட்டுக்கதைகளைப் பற்றிப் பின்னாளில் ஒரு பெரிய நூலே எழுதினார். 1950களில் சோவாஸில் சேர்ந்து தமிழுக்கு வந்தார், அப்புறம் தமிழை விடவில்லை. எடின்பரோவில் மொழியியல் பேராசிரியரானார். 1982இல் அவர் வெளியிட்ட தமிழ் இலக்கணம் நாம் வாயால் பேசுகிற தமிழுக்கு முதன்மை தந்து எழுதப்பட்டது. இ. அண்ணாமலையோடு சேர்ந்து 2002இல் பேச்சுத் தமிழ்ப் பாடநூல் ஒன்றையும் கொண்டுவந்தார். 2022இல், தொண்ணூற்றாறு வயதில் காலமானார். மலையாள எழுத்தாளர் பஷீரின் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் இவரே.

கணிதம், சட்டம், வரலாறு, வேதியியல், பொறியியல், பிரெஞ்சு. இவர்களில் யாரும் மொழியியல் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து தொடங்கவில்லை. தொல்காப்பியத்தைப் பாடமாகவே படிக்கிற நீங்கள் எந்த வகையில் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறீர்கள்? பிறப்பியலைத் திறந்து பாருங்கள். உந்தியிலிருந்து எழும் காற்று மிடற்றையும் நெஞ்சையும் தலையையும் தொட்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று ஒவ்வொரு உறுப்பும் பொருந்தும்போது ஒவ்வோர் எழுத்தாகப் பிறப்பதை அந்த ஆசிரியர் வரிசையாகச் சொல்கிறார். தன் வாய்க்குள் தானே கவனித்துப் பார்த்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும். தேர்வுக்காக மனப்பாடம் செய்கிற அந்தப் பகுதி ஒரு ஒலியியல் நூல். நம் வகுப்பறைகளில் அதை அப்படிச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இனி முதல் கேள்வி. பேச்சில் ஆராய என்ன இருக்கிறது? ஒரு உதாரணம் சொல்கிறேன். அதற்கு ஆர்ச்வே சாலையிலுள்ள முருகன் கோயிலுக்கு உங்களைக் கூட்டிப்போக வேண்டும்.

2002இல் எலிசபெத் அரசி தன் பொன்விழா ஆண்டில் வந்துபோன கோயில் அது. வெள்ளிக்கிழமை மாலை அங்கே நின்றால் எத்தனை தமிழ் கேட்கிறது! பருத்தித்துறைத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், செட்டிநாட்டுத் தமிழ், கோவைத் தமிழ், மலேசியாவிலிருந்து வந்தவர்களின் தமிழ். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் "ரீ குடிச்சிட்டுப் போங்கோ" என்பார். தாளில் இப்படி 'ரீ' என்று எழுதினால் நீங்கள் 'ரீங்காரம்' என்பதில் வருகிற ரகரத்தைப் படிப்பீர்கள். அவர் வாயில் வருவது அதுவல்ல. நாம் 'டீ' என்கிறோம் அல்லவா, அந்த டகரமும் அல்ல. நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறுமேட்டில் ஒட்டி, சட்டென்று விடுபடுகிற ஒலி. லண்டன்காரர் 'டீ' என்று சொல்லும்போது அவர் நாக்கும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் படுகிறது. நம் டகரத்துக்கு நாக்கு இன்னும் உள்ளே வளைந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும். நீங்களே சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

ஈழத்துப் பத்திரிகைகளில் 'ரொறன்ரோ', 'ரிக்கற்', 'ரீச்சர்' என்று வருவதைப் பார்த்துத் தமிழ்நாட்டில் பலர் எழுத்துப்பிழை என்று நினைக்கிறார்கள். பிழை இல்லை. காது ஒன்றைச் சரியாகக் கேட்டு, கைக்குக் கிடைத்த எழுத்தில் அதை எழுதியிருக்கிறது. அந்த ஈறுமேட்டு ஒலி யாழ்ப்பாணப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. 'காற்று', 'நேற்று' என்ற சொற்களில் அவர்கள் அதை இரட்டித்துச் சொல்கிறார்கள். நம் ஊரில் அது 'காத்து', 'நேத்து' என்று பல்லுக்கு நகர்ந்துவிட்டது. படித்த தமிழில் பேசும்போது 'காற்ற்ரு' என்று ஒரு ரகர அதிர்வைச் சேர்த்துக்கொள்கிறோம். மலையாளிகள் 'காற்று' என்று சொல்வதைக் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் அந்தப் பழைய ஒலி அப்படியே இருக்கிறது.

இப்போது உங்கள் பாடப்புத்தகத்துக்கு வாருங்கள். க ச ட த ப ற வல்லினம் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து பாடுகிறோம். க, ச, ட, த, ப ஐந்தும் காற்றை வாய்க்குள் எங்கோ ஓரிடத்தில் முழுவதும் அடைத்துப் பிறப்பவை. ஆறாவதாக நிற்கிற றகரத்தை நாம் நாக்கை அதிரவைத்துச் சொல்கிறோம். அதிர்கிற ஒலி அடைப்பொலிகளின் கூட்டத்துக்குள் எப்படி வந்தது? அதோடு, ட-வுக்கு ண இனம், த-வுக்கு ந இனம் என்கிறபோது ற-வுக்கு ன இனம் என்கிறார்கள். றகரமும் னகரமும் ஒரே இடத்தில் பிறப்பவை என்று தொல்காப்பியரும் சேர்த்தே சொல்கிறார். றகரம் ஒரு காலத்தில் ஈறுமேட்டில் முழு அடைப்போடு பிறந்த வல்லொலி என்று கொண்டால் எல்லாம் பொருந்திவிடுகிறது. அதாவது, கோயில் வாசலில் டீ கொடுக்கிற அந்த அம்மாவின் நாக்கு நுனியில் நம் இலக்கணப் பாடத்தின் விடை இருக்கிறது. இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

யாழ்ப்பாணத் தமிழே தூய தமிழ் என்று சொல்ல இதை எழுதவில்லை. அங்கே பேச்சில் ழகரம் ளகரமாகிவிட்டது. மதுரைப் பக்கத்திலும் அப்படித்தான். பழைய சென்னைப் பேச்சில் அது யகரமாயிற்று. அதே யாழ்ப்பாணத்தில் இவன், அவன் என்பவற்றுக்கு நடுவே 'உவன்' இன்றும் பேச்சில் இருக்கிறது. நாம் அந்தச் சுட்டை உரைநூல்களில்தான் பார்க்கிறோம். ஓர் ஊர் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, இன்னோர் ஊர் இன்னொன்றை. எல்லா ஊர்களையும் கேட்டால்தான் மொழி முழுமையாகக் கிடைக்கும். யாழ்ப்பாணத் தமிழை இப்படி முறையாகக் கேட்டு எழுதியவர்களில் சு. சுசீந்திரராசா முக்கியமானவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அதற்காகவே ஆய்வு செய்தார். செக் நாட்டு அறிஞர் காமில் சுவெலபில்லும் 1966இல் இலங்கைத் தமிழின் கூறுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக நான் மதிக்கிறவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. 1903இல் பருத்தித்துறைக்குப் பக்கத்தில் புலோலியில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விபுலானந்த அடிகளிடம் படித்தார். 1930களில் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். கல்வெட்டில் என்ன பேச்சு இருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். ஓலை எழுதியவனும் கல் வெட்டியவனும் இலக்கணப் புலவர்கள் அல்லர். அவர்கள் வாயில் வழங்கிய வடிவங்கள் எழுத்துக்குள் கசிந்து வந்திருக்கும். அந்தக் கசிவைப் பிடிக்கப் பழகிய காது அவருடையது.

ஊர் திரும்பிய பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்கு ஆச்சரியம். கொழும்பில் யுனிவர்சிட்டி காலேஜில் வேலை. பண்டிதத் தமிழ் கொடிகட்டிப் பறந்த காலம். அந்தக் காலத்தில் பருத்தித்துறைப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதி, தன் மாணவர்களை மேடையேற்றி நடிக்க வைத்தார். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்', 'கண்ணன் கூத்து', 'நாட்டவன் நகர வாழ்க்கை' என்ற நான்கும் சேர்ந்து 1940இல் 'நானாடகம்' என்ற நூலாக வந்தன. 1947இல் விபுலானந்தர் மறைந்த பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்தவர் இவர். அந்த நாற்காலியில் இருந்தபடியே 1952இல் 'இருநாடகம்' வெளியிட்டார். நாடகத்தில் வருகிற உடையாரும் வேலைக்காரனும் அவரவர் வீட்டில் பேசுகிறபடியே பேசுகிறார்கள். பல்லவர் காலத்துக் கல்வெட்டுக்குக் கொடுத்த கவனத்தைத் தன் ஊர்க்காரர்களின் பேச்சுக்கும் கொடுத்தார். அறிவுத் துணிவு என்று இதைத்தான் சொல்வேன். இன்று அந்த நாடகங்கள் எண்பது வருடத்துக்கு முந்திய பருத்தித்துறைப் பேச்சுக்குச் சாட்சியாக நிற்கின்றன.

என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் 'பாட்டி' என்று சொல்லும்போது பகரத்தோடு கொஞ்சம் மூச்சும் சேர்ந்து வெளியே வரும். வாய்க்கு முன்னால் ஒரு சிறு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டால் அது ஆடும். நீங்கள் சொன்னால் ஆடாது. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வருகிற பகரத்துக்கு அப்படி மூச்சு உண்டு, தமிழில் இல்லை. இதை அளந்தும் வைத்திருக்கிறார்கள். உதடு பிரிந்த கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று லிஸ்கரும் ஆப்ரம்சனும் 1964இல் 11 மொழிகளில் அளந்தார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலப் பகரத்தில் அந்த இடைவெளி 50 மில்லிசெகண்டுக்கு மேல், தமிழில் 10ஐ ஒட்டி. உலகம் முழுவதும் ஒலியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிற கட்டுரை அது. வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் சில பங்குதான், ஆனாலும் அதை வைத்தே ஒரு பிள்ளை எந்த மொழியில் வளர்கிறது என்று காது சொல்லிவிடுகிறது. லிஸ்கர் தெலுங்கும் தமிழும் நன்கு ஆராய்ந்தவர் என்பது நமக்குப் பெருமையான விஷயம்.

இந்தப் பிள்ளைகளின் தமிழைக் கேட்டுப் பெரியவர்கள் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. பிள்ளை சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறது, அடுத்த முறை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தங்கள் முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் ஒரு லட்சம் பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்பதுதான் கேள்வி. சுரேஷ் கனகராஜா இதை ஆராய்ந்திருக்கிறார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். தாளும் மின்சாரமும் தட்டுப்பாடான ஊரிலிருந்து ஆய்விதழ்களுக்கு எழுதுவது எப்படி இருந்தது என்பதை 2002இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். லண்டன், ரொறன்ரோ, கலிபோர்னியா என்று மூன்று இடங்களில் ஈழத்தமிழ்க் குடும்பங்களோடு பேசி, 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகள் தமிழை விடுவதற்கு வீட்டை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, வீட்டுக் கதவுக்கு வெளியே இருந்து வருகிற அழுத்தங்களையும் ஊரிலிருந்தே நாம் கூடக் கொண்டுவந்த ஆங்கில மோகத்தையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். என் வகுப்புக்கு வருகிற தாய்மாரின் முகங்களைப் பார்க்கும்போது அவர் சொல்வது சரி என்றே படுகிறது.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் அப்பத்தாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். படிப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு பழைய கதை. கிரியர்சன் நடத்திய இந்திய மொழி அளவாய்வின் தொடர்ச்சியாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு பல மொழிகளை கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்தது. சென்னை மாகாணத்து மொழிகளும் அதில் உண்டு. அந்தத் தட்டுகள் யூஸ்டனுக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நூறு வருடத்துக்கு முந்திய குரல்களைக் கேட்க முடிவதே பெரிய கொடை. ஆனால் மொழிகளை ஒப்பிட வசதி என்று, பைபிளில் வருகிற கெட்ட குமாரன் கதையையே பலரையும் சொல்ல வைத்தார்கள். மொழிபெயர்த்த கதையை ஒப்பிக்கிறவர் தன் வீட்டுத் தமிழிலா பேசுவார்? லபோவ் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகினார். "செத்துப்போய்விடுவோம் என்று எப்போதாவது பயந்தது உண்டா?" என்று கேட்பார். அதைச் சொல்லத் தொடங்கியதும் மனிதர்கள் ஒலிவாங்கியை மறந்துவிடுவார்கள், உண்மையான பேச்சு வந்துவிடும்.

ஆகவே அப்பத்தாவிடம் பேட்டி எடுக்க உட்காராதீர்கள். மேடைத் தமிழில் நீங்கள் கேட்டால் அவரும் மரியாதைத் தமிழுக்கு மாறிவிடுவார். எதற்காகப் பதிகிறீர்கள் என்று சொல்லி முதலில் சம்மதம் வாங்குங்கள். பிறகு வீட்டில் பேசுகிறபடி பேசி, கண்மாய் உடைந்த வருடத்தைப் பற்றியோ, பாம்பை மிதித்ததைப் பற்றியோ, முதல் பிரசவத்தைப் பற்றியோ சொல்லச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கைபேசி போதும், ஆனால் ஒலியைச் சுருக்காமல் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், அவர் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், ஏறத்தாழ வயது, இவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். அவர் சொல்லும் எதையும் திருத்தாதீர்கள், முகபாவத்தால்கூடத் திருத்தாதீர்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி போட்டபோது அவருக்கு எந்தப் பட்டமும் இல்லை, சலிக்காத காது இருந்தது. அச்சில் குரலைக் கொண்டுவர அவரால் முடியவில்லை. உங்கள் கையில் அதற்கும் கருவி இருக்கிறது.

பதிவு கிடைத்த பிறகு 'பிராட்' என்ற மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமில் பவுல் போயர்ஸ்மாவும் டேவிட் வேனிங்க்கும் உருவாக்கியது, இலவசம். குரலைப் படமாகக் காட்டும், மில்லிசெகண்டில் அளக்கலாம். ஆரம்பத்தில் கறுப்பும் சாம்பலுமாக எதுவும் புரியாது. அப்பத்தாவின் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி பாருங்கள், கண் மெல்ல மெல்லப் பழகிவிடும். மேற்படிப்புக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையையும் மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தையும் பற்றி விசாரித்துப் பாருங்கள்.

முதல் பதிவில் எனக்காக மூன்று இடங்களைக் கவனியுங்கள். 'நேற்று' என்பதில் நாக்கு பல்லில் படுகிறதா, ஈறுமேட்டிலா? 'கிழவி', 'வாழை' என்பவற்றில் ழகரம் என்ன ஆகிறது? 'வந்து' என்பதன் கடைசி உகரம் முழுதாகக் கேட்கிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா? குற்றியலுகரத்தைப் பற்றி உங்கள் பாடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு மூன்றாவதை நீங்களே அளந்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆர்ச்வேயிலிருந்து உங்கள் அக்கா